அண்ணையின் லண்டனும் தம்பியின் ஜெர்மனியும்

எண்பதுகளின் கடைசியில் நான் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். கொப்பன்ஹேகனில் இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்களின் கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள். அது வெளியே வந்து அரசாங்கமே விழுந்ததெல்லாம் பிறகு. அப்போது கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். என்ன மண்ணாங்கட்டியைப் பார்த்தார்களோ.

அண்ணை லண்டனில், தம்பி ஜெர்மனியில். இரண்டு பேரும், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் மனைவியையும் மகளையும் முதலில் தங்களிடம் எடுப்போம் என்றார்கள். எங்கே என்பதில்தான் இழுபறி. தம்பியின் வேலைத்தள ஃபோர்மன் உலக யுத்தத்தில் தகப்பனைப் பறிகொடுத்தவர். எல்லை இருக்குமட்டும் சண்டையும் இருக்கும், ஐரோப்பா ஒன்றானால்தான் ஜெர்மன்காரனுக்கே நிம்மதி என்பாராம். தம்பி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். எல்லை திறந்துவிடும், அண்ணியை இங்கேயிருந்து டென்மார்க்குக்குக் காரிலேயே கொண்டுவந்து விடுவேன் என்றான். அண்ணை சிரித்தார். வேலை செய்த பெற்றோல் நிலையத்தில் நின்றுகொண்டு இங்கிலாந்தின் மானத்தையும் அவர்தான் காவல் காத்தார். வெள்ளைக்காரன் வியாபாரத்துக்குக் கைகொடுப்பான், வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுக்கமாட்டான், இந்த ஒற்றுமையெல்லாம் ஜெர்மன்காரனின் கனவு, அதை நம்பிப் பிள்ளைகளை நடுவழியில் விடாதே என்றார்.

எங்கள் குடும்பத்தில் அண்ணை ஓமென்று சொல்லாமல் ஒன்றும் நடக்காது. ஏஜென்சிக்காரனோ தம்பியின் ஆள். கிழமைக்குக் கிழமை என் தொலைபேசியில் ஐரோப்பாவுக்குப் பட்டிமன்றம் நடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் மகளோடு இருந்தாள். சுற்றிவளைப்பு என்று பொலிஸ்காரர் எந்த நேரமும் கதவைத் தட்டுவார்கள். ஒருநாள் தொலைபேசியில் சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"நீங்கள் மூண்டு பேரும் ஐரோப்பாவைப் பற்றிக் கதையுங்கோ. நான் பிள்ளையோட ஊருக்குப் போறன்."

அன்றைக்கே இருவருக்கும் எடுத்துக் கத்தினேன். எந்த நாடானாலும் சரி, முடிவைச் சொல்லுங்கள் என்றேன். அண்ணை இறங்கி வந்தார். ஜெர்மனி என்று முடிவானது. சொல்வதற்கு மறுநாள் லொட்ஜுக்கு எடுத்தால், அவள் பிள்ளையோடு விடியவே ஊருக்கு பஸ்ஸில் வெளிக்கிட்டுவிட்டாளாம்.

அந்த பஸ் வழியில் கண்ணிவெடியில் சிக்கியது. மகள் மட்டும் தப்பினாள். அண்ணை தொலைபேசியில் அழுதார். இருவர் மேலும் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

பிறகு டென்மார்க் அனுமதி தந்தது. தெரிந்த ஒருவரோடு மகள் வந்து இறங்கினாள். நான் அவளுக்குப் படத்தில் பார்த்த ஆள்தான். அம்மா முன்னுக்கு வெளிநாடு போய்விட்டா என்று ஊரில் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். காரில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள் கேட்டாள்.

"இது லண்டனோ, ஜெர்மனியோ?"

இரண்டும் இல்லை, டென்மார்க் என்றேன்.

"அப்ப நாங்கள் பிழையான இடத்துக்கு வந்திட்டம்," என்றாள். "அம்மா அந்த ரெண்டில ஒண்டிலதான் நிப்பா."