மிச்சினாவிலிருந்து டின்ஜானுக்கு

1938 ஆகஸ்ட் 17: ரங்கூனில் ஆயா வேலை. மாதம் ரூ. 22.
1942 ஏப்ரல் 28: மிச்சினா – டின்ஜான், ஆகாய விமானம். 195 மைல். 1 மணி 20 நிமிடம்.
1942 ஏப்ரல் 28 – ஜூன் 9: மிச்சினா – லீடோ, நடந்து. ஏறத்தாழ 300 மைல். 43 நாள்.
1942 ஜூன் 24: விழுப்புரம்.

இந்தக் கணக்கு விழுப்புரம் பக்கத்துக் கெடார் ஊர் இருதயமேரியுடையது. பர்மாவில் ஒரு மரக் கம்பெனித் துரை வீட்டில் அவள் ஆயா. அவள் புருஷன் சவுரிராயன் அங்கேயே சமையல்காரன். ஜப்பான்காரன் நெருங்கியதும் துரை குடும்பத்தோடு இவர்களும் வடக்கே மிச்சினா விமானத் திடல் வரை ஓடினார்கள். அசாமிலுள்ள டின்ஜானுக்கு அங்கிருந்துதான் விமானம்.

துரை வீட்டுக் குழந்தை ஆயாவின் இடுப்பை விட்டு இறங்காது. அதனால் துரைசானி அவளையும் விமானத்துக்குள் கூப்பிட்டாள். இருதயமேரி குழந்தையைத் தோளில் தட்டித் தூங்கவைத்து, படியேறி, துரைசானி மடியில் கிடத்தினாள். உடனே ஒரு சிப்பாய் அவளைக் கீழே இறக்கிவிட்டான். இடமில்லையாம். அவள் கையால் கட்டிய கிராமபோன் பெட்டிக்கு இடம் இருந்தது. அவர்கள் நாய்க்கும் இருந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் மழையில், சேற்றில், காட்டுவழியே அசாமிலுள்ள லீடோவை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் ஷின்ப்வியாங் முகாமில் சவுரிராயனுக்குக் காய்ச்சல். நடக்க முடிந்தவர்களைக் காவலர்கள் அங்கே தங்கவிடவில்லை.

"நீ போய்க்கினே இரு, பின்னாலயே வர்றேன்" என்று அனுப்பிவைத்தான்.

தனியாக விழுப்புரம் வந்து சேர்ந்தவளுக்கு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைத் தோல் உரிக்கும் வேலை கிடைத்தது. கூட உரித்த கெங்கம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி, ஏரோப்ளேன் வரிக்கும் போனியே, றெக்கையப் புடிச்சிக்கினு தொங்கியிருக்கலாம் இல்ல?"

"நாயா பொறந்திருந்தா உள்ளயே குந்திக்கினு வந்திருப்பேன், போக்கா."

ஆகஸ்டில் கல்கத்தாவிலிருந்து துரைசானியின் கடிதம் வந்தது. நான் ரயில் ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தா. இங்கிலீஷ் என்பதால் என்னிடம் கொண்டுவந்தாள். பயணம் 195 மைல்தான், ஒரு மணி இருபது நிமிடம்தான், குழந்தை வழியெல்லாம் தூங்கியது என்று மகிழ்ந்து எழுதியிருந்தாள் துரைசானி. இப்போது ஆயா இல்லாமல் தூங்க மறுக்கிறதாம், உடனே வா. நீ எப்படி வந்து சேர்ந்தாய் என்று ஒரு வரி இல்லை.

"எழுதுங்கய்யா. எங்க ஊட்டுக்காரரு எங்க இருக்காருன்னு தேடிச் சொல்லட்டும். அப்புறம் வர்றேன்."

"கோவிச்சுக்குவாங்களே, மேரி."

"கோவிச்சுக்கட்டும். துரை இப்ப மிலிட்டிரி ஆபீசுல இருக்காரு. ஒரு தந்தி அடிச்சா தெரிஞ்சிடாது?"

அக்டோபரில் இரண்டாவது கடிதம். முகாம் பதிவேடுகளைப் பார்க்கத் துரை சொல்லியிருக்கிறார். நீ முதலில் வா. மேரி அசையவில்லை. முதலில் அவர் சேதி, பிறகுதான் ரயில். ஆனாலும் இரண்டு புடவையையும் ஜெபமாலையையும் மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

மூன்றாவது கடிதம் நாலே வரி. நல்ல ஆயா ஒருத்தி கிடைத்துவிட்டாள்; இனி நீ வர வேண்டியதில்லை; ஆகவே உன் புருஷனைப் பற்றிய விசாரணையையும் நிறுத்தச் சொல்லிவிட்டோம்.

அதை உரக்கப் படித்தேன்.

"அவரப் பத்தி?" என்றாள்.

தாளைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் வெறுமை. எச்சில் இலையில் மிச்சம் போடக்கூட மனம் வராத ஜனங்கள்.

சவுரிராயன் செத்தானா, பிழைத்தானா என்பது தெரியாமலே மேரி அந்த மண்டியில் காலம் தள்ளினாள். கல்கத்தாவிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1943 பிப்ரவரி 11, வியாழக்கிழமை.