தேலும் தேளும்

எங்கள் வீட்டில் எண்ணெய்க்கு இரண்டு பெயர் உண்டு. அடுப்படியில் இருக்கும்வரை அது எண்ணெய். சித்தி அதைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி வேலைக்குப் போகும் பையில் வைத்துவிட்டால் தேல். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறவர்கள் வாசல்படி தாண்டியதும் ஹிந்திக்கு மாறிவிடுவது தாராவியில் புதுமையில்லை. செருப்பை மாட்டுவதும் பாஷையை மாற்றுவதும் எங்களுக்கு ஒரே நேரத்தில் நடக்கும்.

சித்தி செம்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். படுக்கையிலேயே காலம் தள்ளுகிற பெரியவர்களுக்குக் கைகால் பிடித்துவிட்டு, தோல் வெடிக்காமல் எண்ணெய் தடவிவிடுவது அவள் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மா என்னையும் அவளோடு அனுப்பிவிடுவாள். வீட்டில் விட்டால் நான் பக்கத்து வீட்டு டிவியே கதியென்று கிடப்பேன் என்பது அம்மாவின் பயம்.

சித்தி வேலையை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டிலருகே போனதும் யாரையும் தொடமாட்டாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஒரு கையைப் படுக்கைவிரிப்பின்மேல் அவர்கள் கண்ணில் படும்படி வைப்பாள். தொடலாமா என்று கேட்பாள். பேச்சே நின்றுபோனவர்களிடமும் கேட்பாள். ஒரு விரல் அசையும்வரை, அல்லது முகம் அவள் பக்கம் திரும்பும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கும். சில நாள் பதில் வராது. அன்றைக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். என் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மட்டும் இந்த மரியாதையெல்லாம் கிடையாது. காதைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாள்.

சித்திக்குப் பெண்கள் பக்கம் மட்டுந்தான். ஆண்கள் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர் ஒரு மராட்டிக்காரர். எல்லாரும் காகா என்பார்கள். மராட்டியில் சித்தப்பா என்று அர்த்தமாம். நான் வீட்டுக்கு வந்து காக்கா என்று சொல்லி அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

ஒரு மழைக்காலத்தில் வடாலாவிலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், நாங்குநேரி. வாலிபத்திலேயே பம்பாய்க்கு வந்து பட்டறைகளில் உழைத்தவர். இப்போது ஞாபகம் தப்பிப்போயிருந்தது. ஒற்றை அறை வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக மனசில்லாமல்தான் இங்கே விட்டார்கள். அப்பாவுக்கு ஹிந்தி நன்றாக வரும், சிரமம் இருக்காது என்று மகன் சொல்லிவிட்டுப் போனார்.

சிரமம் வந்தது. எண்ணெய்ப் பாட்டிலோடு காகா பக்கத்தில் போனாலே பெரியவர் காலைச் சுருட்டிக்கொண்டு உதைத்தார். குதிகால் சிவந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது, தொடாமல் விடவும் வழியில்லை. காகா பொறுமைசாலி. "தேல், பாபா, தேல்" என்று பாட்டிலைக் காட்டிக் கெஞ்சுவார். பெரியவரும் அதையே திருப்பிக் கத்துவார். எண்ணெய் கேட்கிறார் போலிருக்கிறது என்று காகா இன்னும் கொஞ்சம் கையில் ஊற்றிக்கொண்டு வருவார். உதை இன்னும் பலமாக விழும். கடைசியில் காகாவின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. பொறுப்பாளர் அம்மா நல்லவர்தான். ஆனாலும் புண் பெரிதானால் பார்த்துக்கொள்ள இங்கே வசதியில்லை, அப்பாவைக் கூட்டிப்போய்விடுங்கள் என்று மகனுக்கு போன் செய்துவிட்டார்.

மகன் வருவதாக இருந்த அன்று நானும் போயிருந்தேன். பெரியவரின் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு, போவதற்குள் ஒரு தடவை முயன்று பார்ப்போம் என்று காகா பாட்டிலை எடுத்தார். காலைப் பிடித்துக்கொள்ளச் சித்தியைக் கூப்பிட்டார். சித்தி வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

"தேளு, தேளு. காலுகிட்ட வருது, யாராவது அடிங்களேன்," என்றார் பெரியவர்.

நான் சிரித்துவிட்டேன். சித்தி சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் பேசிய ஹிந்தி அவரைவிட்டுக் கழன்று போயிருந்தது. காதில் விழுந்ததெல்லாம் அவருக்குத் தமிழாகத்தான் விழுந்தது. வேளை தவறாமல் ஒருவர் தேள், தேள் என்று சொல்லிக்கொண்டே காலைத் தொட வந்தால் யார்தான் உதைக்கமாட்டார்கள்.

சித்தி பாட்டிலை வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டிலுக்கடியில் குனிந்து தரையில் ஓங்கி நாலு போடு போட்டாள்.

"செத்துப்போச்சு பெரியப்பா. வெளிய தள்ளிட்டேன்."

"இன்னொண்ணு கிடக்கும், பாரு."

சித்தி மறுபடி குனிந்து அதையும் அடித்தாள். காகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவரும் முட்டிபோட்டுக் கூடவே தேடினார். அந்த மனிதரை இப்போது நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

பெரியவர் மூச்சு வாங்கச் சித்தியைப் பார்த்தார். "நீ எந்த ஊரும்மா?"

"நாங்குநேரிப் பக்கந்தான்," என்றாள். அந்த ஊரை அவள் ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

பிறகு வழக்கம்போல விரிப்பின்மேல் கையை வைத்தாள். தொடட்டுமா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பெரியவர் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பின்பு தானே காலை நீட்டி அதன்மேல் வைத்தார். குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் சும்மாவே உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைக்கட்டுமா என்று பிறகுதான் கேட்டாள். "கொஞ்சமா வையி," என்றார் அவர். காகா அந்த வார்த்தையை உடனே பிடித்துக்கொண்டார். எண்ணெ, எண்ணெ என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முணுமுணுத்தபடியே சாமான் மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் மகன் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். அப்பாவின் கால் சித்தியின் கையில் அசையாமல் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். சித்தி நடந்ததைச் சொன்னாள். "நீங்களும் பிடிச்சுவிடுங்க அண்ணா. மொதல்ல கைய இப்படி வச்சுட்டுக் கேளுங்க," என்றாள். அவர் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு கூச்சத்தோடு கையை வைத்தார். பெரியவர் அந்தக் கையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு இன்னொரு காலை அதில் வைத்தார்.

மகன் எண்ணெயைத் தொட்டு மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சித்தியிடம் சொன்னார். "இந்தப் பையன் பதமாத் தேய்க்கான். யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

மகன் தலையை நிமிர்த்தவேயில்லை. தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. நீங்கள் பெற்ற பிள்ளைதான் என்று நானாக இருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். எத்தனை சுலபமான பதில். வாயெடுத்த என்னைச் சித்தி தொடையில் கிள்ளி அடக்கினாள். அவர் ஏன் அதைச் சொல்லாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார் என்பது அன்றைக்கு எனக்குப் பிடிபடவேயில்லை.