செவ்வாய்க்கிழமைத் தொடருக்கு மெர்ள் சேர்த்த கூட்டம்

மெல்பர்னில் பிரெஸ்டன் பக்கம் மெர்ளின் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி இருந்தது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனம் வைத்தது. டிவி முன் உட்கார்ந்தால் தன் பொத்தானை அழுத்த வேண்டும். விருந்தாளி வந்தால் ஆணா பெண்ணா, வயதென்ன என்பதையும் பதிய வேண்டும். பெட்டியைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது. குடும்பத்தில் யாராவது டிவியில் வேலை செய்கிறார்களா என்று கேட்டதற்கு மெர்ள் இல்லை என்று சொல்லியிருந்தாள். அது பொய். மகள் கெர்ரி செவ்வாய்க்கிழமைத் தொடர் ஒன்றுக்கு உடை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்தே வயதானவள் மெர்ள். எதற்கும் அவள் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது பெட்டிக் கணக்கில் அவள் ஒருத்தி பார்த்தால் ஆயிரக்கணக்கான வீடுகள் பார்த்த மாதிரி.

அந்தக் குளிர்காலத்தில் கெர்ரி சொன்னாள்: "அடுத்த வருஷம் தொடர் உண்டா இல்லையான்னு பாத்துக்கிட்டிருக்காங்கம்மா. கணக்கு சரியில்லன்னா தூக்கிடுவாங்க. இந்த வயசுல எனக்கு வேற யாரு வேலை குடுப்பா?"

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் மெர்ள், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"லாமிங்டன் கேக்கா? பிஸ்கட்டையே பாதியா உடைச்சுக் குடுப்பியே மெர்ள். யாரும் செத்துட்டாங்களா?" என்றாள் அவர்களில் ஒருத்தியான ஐவி.

"உக்காரு. உன் வயசு என்ன?"

"அறுபத்தொம்பதுன்னு வச்சுக்கயேன்."

"போன வருஷம் எழுபத்தஞ்சுக்கு கேக் வெட்டுனியே."

"தெரியுதுல்ல, அப்புறம் எதுக்குடி கேக்குற?"

மெர்ள் எழுபத்தாறு என்றே பதிந்தாள். பெட்டிக்கு ஒரு பொய் சொன்னது போதும் என்று அவளுக்குப் பட்டது. வந்தவர்கள் அத்தனை பேர் வயதையும் ஒழுங்காகப் பதிந்தாள்.

வசந்தம் முடிகிற சமயம் கெர்ரி வந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"தூக்கிட்டாங்கம்மா."

"ஆள் குறைஞ்சு போச்சா?"

"ஆள் கூடித்தான் போச்சு. எல்லாம் கிழடுங்க. அம்பத்தஞ்சு தாண்டினவங்க பாத்தா விளம்பரக்காரன் காசு குடுக்க மாட்டான். நம்ம தொடரு முதியோர் இல்லத்துக்குத்தான் லாயக்குன்னு மேனேஜர் சிரிக்கிறான். அந்த நேரத்துக்குச் சமையல் போட்டியாம், இளசுங்க பாக்குமாம். எங்கேருந்துதான் வந்தாளுங்களோ இத்தனை பாட்டிங்க."

மெர்ள் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். கொதித்த பிறகும் அதன் பக்கத்திலேயே நின்றாள்.

கோடை முடிவதற்குள் கெர்ரி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை இருவரும் சோபாவில் உட்கார்ந்து சமையல் போட்டியைப் பார்ப்பார்கள். மெர்ள் பொத்தான் பக்கமே கையைக் கொண்டுபோவதில்லை.

ஒருநாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். "உங்க வீட்ல டிவி ஓடுது, ஆனா யாரும் பொத்தான் அழுத்தலையே. பெட்டி ஏதும் கெட்டுப்போச்சா?"

மெர்ள் மகளைப் பார்த்தாள். கெர்ரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு கண்ணு. டிவியும் ஓடுது. பாக்கத்தான் ஆள் இல்ல."