வாத்தியார் நின்ற வரிசை

விமான நிலையத்துக்குப் பின்னால், சரக்கு லாரிகள் நிற்கும் தெருவில் எங்கள் வீடு. மாடியில் மூன்று அறைகளிலும் அடுக்குக் கட்டில் போட்டு விமானிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். கீழே பெண்களுக்கு ஒரு அறை. எல்லாரும் குடும்பத்தை வேறு ஊரில் வைத்துக்கொண்டு இங்கே வேலைக்கு வருகிறவர்கள். சமையலும் துவைப்பும் என் பொறுப்பு. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் கண்ணை மூடி, இன்றைக்கு யார் யார் பறக்கிறார்களோ அவர்களையெல்லாம் ஆண்டவனிடம் சொல்லிவிடுவேன். அவருக்கு வேலை இருக்கும், மறந்துவிடக் கூடாதே.

அவர்களில் ஒருவரை எல்லாரும் வாத்தியார் என்பார்கள். கம்பெனி வேலைக்கு வரும் முன்னால் பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று பெரிய விமானங்களில் கடல் தாண்டிப் போகிறார்கள். வாத்தியார் மட்டும் சின்ன விமானத்தில், கேப்டனுக்குத் துணையாக வலது பக்கத்தில் உட்கார்ந்து பறந்துகொண்டிருந்தார்.

வந்த புதிதில் அவரிடம் ஒன்று கேட்டேன். விமானத்தின் மேல் எழுதியிருப்பது பெரிய கம்பெனியின் பெயர். இவர் சட்டையில் தைத்திருப்பது வேறு ஏதோ பெயர். இது என்ன கணக்கு?

“அக்கா, மெயின் ரோட்டு ஓட்டல்ல படுக்கை விரிப்பெல்லாம் யார் துவைக்கிறாங்க?”

“வெளியே கொடுக்கிறாங்க. நானே கொஞ்ச நாள் வாங்கித் துவைச்சேனே.”

“விரிப்புல யார் பேரு?”

“ஓட்டல் பேருதான்.”

“அவ்வளவுதான்க்கா. அவங்க விரிப்பு, எங்க கை.” சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக்கொண்டு போனார்.

இவர்கள் தொழிலில் எல்லாமே வரிசைதான். யார் முதலில் சேர்ந்தாரோ அவர் முன்னால். எந்த ஊரில் வேலை, எப்போது லீவு, எப்போது கேப்டன், எல்லாம் அந்த வரிசைப்படி. ஒருவர் கம்பெனி மாறினால், எத்தனை வருஷம் பறந்தவராக இருந்தாலும், புது இடத்தில் கடைசி ஆளாகத்தான் போய் நிற்க வேண்டும். வாத்தியாருக்கு வேண்டியது ஒன்றுதான். சொந்த ஊர் விமான நிலையத்தில் வேலை. மனைவியும் மகளும் அங்கேதான். அது கிடைத்தால் பறந்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். நடுவில் ஒருதரம் கேப்டன் முறை வந்தது. இன்னும் தூரமான ஊரில். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

அதுவரைக்கும் லீவு நாளில் ஊர்ப் பக்கம் போகிற விமானத்தில் காலி இடம் இருந்தால் ஏறிக்கொள்வார். பெரிய கம்பெனி விமானி யாராவது அதே இடத்துக்கு வந்து நின்றால் இவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். விதி அப்படி. கிளம்பிப் போனவர் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அவரே அடுக்களை வாசலில் நின்று, “உங்க டீயை விட்டுப் போக மனசு வரலைக்கா” என்பார். மேலே போனால் சாயங்காலம் வரை இறங்க மாட்டார்.

பறக்காத நாளிலும் ஓய்வு கிடையாது. கம்பெனி கூப்பிட்டால் ஓட வேண்டும் என்று தயாராக இருக்க வேண்டிய நாட்கள் உண்டு. தேய்த்த சட்டையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். குளிக்கப் போனாலும் போன் கூடவே போகும். அது அடிக்காமலே பொழுது சாய்ந்துவிட்டால் சட்டையை மறுபடி மடித்து வைப்பார். அந்தச் சட்டையை நான் துவைப்பதுகூட இல்லை, அழுக்கானால்தானே.

கீழ் அறையில் தும்பி என்று ஒரு பெண் தங்கியிருந்தாள். ஒல்லியாக இருப்பதால் வாத்தியாரே வைத்த பேர். அவரிடம் கற்றுக்கொண்டு, அவர் கம்பெனியிலேயே பின்னால் வந்து சேர்ந்தவள். ஒருநாள் அடுக்களைக்குள் ஓடி வந்தாள்.

“சார், பக்கத்துக் கம்பெனில ஆள் எடுக்கிறாங்க. நிறையப் பறந்தவங்களுக்கு நேரா கேப்டன் சீட்டாம். நான் போறேன். நீங்களும் வாங்க.”

“எந்த ஊர்?”

“இங்கேதான் சார். இப்போதைக்கு.”

“எங்க ஊர் இடத்துக்கு எனக்கு முன்னாடி ரெண்டு பேர்தான்மா. இப்ப விட்டா மொத்தமும் போச்சு.”

“ரெண்டு பேர் ரெண்டு பேர்னே எத்தனை நாளா சொல்லுவீங்க? வரிசையில நின்னு நின்னு காலே வேர் விட்டிருச்சு சார் உங்களுக்கு.”

“போடி வாயாடி. முதல்ல நேரா இறக்கக் கத்துக்கோ.”

அவள் போனாள். இவர் நின்றார். நான் ஆண்டவனிடம் இரண்டு பேருக்காகவும் சொன்னேன்.

நின்றதற்குப் பலன் வந்தது போலத்தான் இருந்தது. முன்னால் நின்ற இரண்டு பேரும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். வாத்தியார் முதல் ஆள் ஆனார். அவர் ஊரில் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடம் இவருக்கு. அன்றைக்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, “அக்கா, என் கட்டிலை யாருக்காவது சொல்லிடுங்க” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னேன். புதிதாக ஒரு பையன் கேட்டுக்கொண்டிருந்தான், வாத்தியாருடைய கீழ்க் கட்டில் அவனுக்கு என்று முடிவாயிற்று.

அந்த வாரமே ஒரு காலையில், மாடியில் எல்லார் போனும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் கரண்டியோடு படியேறிப் போனேன். ஆளுக்கொரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கம்பெனி இவர்கள் பறந்துகொண்டிருந்த தடங்களை எல்லாம் வேறொரு சின்னக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதாம். அவர்கள் குறைச்சலாகக் கேட்டார்களாம்.

“அப்ப விமானமெல்லாம்?” என்றேன்.

குண்டு கேப்டன் ஒருவர் இருந்தார், எதற்கும் தமாஷ் பண்ணுகிறவர். “அதெல்லாம் பத்திரமா இருக்குக்கா. அதே விமானம், அதே பெயின்ட், அதே ஊர். எங்களை மட்டும்தான் கழட்டி மாட்டணும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

எடுத்தது எந்தக் கம்பெனி என்று அப்புறம்தான் தெரிந்தது. தும்பி போய்ச் சேர்ந்த கம்பெனி.

சாயங்காலம் அவள் வந்து அடுக்களை வாசலிலேயே நின்றாள். வாத்தியார் மேசை முன்னால் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை, பிய்த்துக்கொண்டிருந்தார்.

“சார்... அன்னைக்கே வந்திருந்தா...”

“தெரியும்மா.”

“அங்கே என் பேர் உங்களுக்கு முன்னாடி இருக்கும் சார். என் இடத்தை உங்களுக்குத் தரேன்னு கேட்டுப் பாக்கட்டுமா?”

“இடத்தைக் கொடுக்க முடியாதும்மா. சேர்ந்த தேதியைக் கழட்டி எப்படிக் கொடுப்பே?” ரொட்டித் துண்டுகளைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். “நீ வரச்சொன்னே. நான்தான் நின்னேன். நீ ஏன் அழறே?”

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊரிலிருந்து மனைவி வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னார். போனில் அந்த அம்மா குரல் எனக்கே கேட்டது. “வாடகைக் கார் ஓட்டினாலும் பரவாயில்லைங்க. வீட்டுல இருங்க.” வாத்தியார் போனைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணை விட்டு மறைந்தது. பிறகு, “இன்னும் ஒரு தடவை நின்னு பாக்கறேனே” என்றார்.

புதுக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டார். சட்டையில் பெயர் மாறியது, நான்தான் பழைய பெயர்ப் பட்டையைப் பிரித்தேன். கேப்டன் சீட்டெல்லாம் முன்பே வந்தவர்களுக்கு முடிந்துபோயிருந்தது. வரிசையில் கடைசி ஆள். சொந்த ஊர் இடத்துக்கு முன்னால் நிற்பவர்களை எண்ணிச் சொல்ல அவருக்கே மனம் வரவில்லை.

முதல் நாள் பறந்துவிட்டு மத்தியானம் வந்தார். இடது பக்கம், கேப்டன் இடத்தில் தும்பி இருந்தாளாம்.

“எப்படி ஓட்டினா தம்பி?”

“நல்லா இறக்குறாக்கா. சக்கரம் தொட்டதே தெரியலை. வாயைத் திறந்தாலே சார் சார்னுதான். பின்னாடி இருக்கற பணிப்பெண்ணுக்கு யார் கேப்டன்னே குழப்பம்.”

சொல்லிவிட்டு ஊருக்குப் பேசினார். மகள்தான் எடுத்தாள். எல்லாவற்றுக்கும் “சரிம்மா, சரிம்மா” என்றார். வைத்த பிறகு என் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

“எங்க பொண்ணு என் ரூமை எடுத்துக்கிட்டாளாம்க்கா. படிக்க இடம் வேணுமாம். பெயின்ட் கூட அடிச்சாச்சாம், மஞ்சள். ‘நீ எப்பவாவது வந்தா ஹால்ல படுத்துக்கலாம்ப்பா, பாய் புதுசு வாங்கியிருக்கோம்’னு சொல்றா.”

“குழந்தை ஏதோ தெரியாம...”

“தெரிஞ்சுதான்க்கா சொல்றா. சரியாத்தான் சொல்றா.”

கீழ்க் கட்டிலில் புதுப் பையன் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தான். வாத்தியார் அவனை எழுப்பவில்லை. ஏணியில் ஏறி மேல் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். போர்வையை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.