ஒன்றரை மடங்கு வேகம்

ஈஜிபுராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ் கேபில் போகும் நேரத்தில் இரண்டு அனிமே எபிசோடு பார்த்துவிடலாம். ஒன்று இருபத்து நாலு நிமிஷம்தான் என்றாலும், வேகத்தை ஒன்றரை மடங்காக வைத்தால் பதினாறில் முடிந்துவிடும். ஆபீஸ் ட்ரெய்னிங் வீடியோ, குடியாத்தத்திலிருந்து அப்பா அனுப்பும் வாய்ஸ் மெசேஜ், எல்லாவற்றுக்கும் எனக்கு அதே வேகம்தான். பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

ஜப்பானியக் கார்ட்டூன் தொடரான அனிமே, அவர்களின் காமிக்ஸான மாங்கா பற்றித் தமிழில் விமர்சனம் எழுதுகிறேன் என்றால், பொம்மைப் படத்துக்கெல்லாமா என்பார்கள். கேட்கக் கேட்க எனக்கு வீம்பு ஏறும். மூன்று வருஷம் போனிலேயே தட்டித் தட்டி எழுதினேன். ஒருவழியாகச் சென்னையிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகை கட்டுரை கேட்டது. முதல்முறையாக அச்சில் வரப்போகிறது. வீட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

நான் எடுத்துக்கொண்டது, ரயில் நிலையத்தில் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் ஓர் அப்பாவின் கதை. இளைஞர்கள் படிக்கும் லைட் நாவலாக வந்து, மாங்காவாகி, பிறகு அனிமே ஆனது. ஊருக்கு வருவதாகச் சொன்ன மகள் கடைசி ரயிலிலும் இறங்கவில்லை. அவளுக்காக எடுத்துவைத்த பெட்டியை அவர் மூடுகிறார், அவ்வளவுதான். மாங்காவில் அந்த இடம் ஆறு பக்கம், ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஆறு பக்கத்தையும் அனிமே அவசர அவசரமாகக் கொன்றுவிட்டது என்று எழுதி, இயக்குநரைக் காய்ச்சி எடுத்திருந்தேன். முடித்தபோது எனக்கே என்மேல் பெருமை.

கேபில் என் பக்கத்தில் உட்காரும் காக்ஸ் டவுன்காரியும் அனிமே பைத்தியம். கட்டுரை அனுப்பிய மறு வாரம், அந்தக் காட்சி எவ்வளவு மோசம் பார் என்று இயர்போனில் ஒன்றை அவளிடம் கொடுத்து ஓடவிட்டேன். அரை நிமிஷம் பார்த்தாள்.

"ஏம்மா, இது எந்த ஸ்பீட்ல ஓடுது? நார்மல் பண்ணு. சும்னே, காரணமே இல்லாம நல்லா எடுத்தவனத் திட்டாதே."

நார்மலில் வைத்தேன். திரையில் அந்த அப்பா பெட்டியின் மூடியைக் கையில் எடுத்தார். மூடவில்லை. ரயில் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிக்னல் விழுந்து எங்கள் வண்டி நகர்ந்தபோதும் அப்படியே நின்றார். எனக்கு முகம் சுட்டது. அவசரப்பட்டது நான்.

பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு, கட்டுரையைப் போடவேண்டாம் என்றேன். பக்கமெல்லாம் தயாராகிவிட்டது, யாருக்குத் தெரியப்போகிறது, விட்டுவிடுங்கள் என்றார். இப்போது எடுத்தால் அடுத்த இதழில் இடம் இருக்குமா என்று சொல்ல முடியாது என்றார். ஆனாலும் நான் விடவில்லை.

"எடுத்துடுங்க சார். பாக்காத படத்தப் பத்தி எழுதியிருக்கேன்."

எடுத்துவிட்டார். மறுநாளே முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்தேன், நார்மல் வேகத்தில், காலைக்கு ஒன்று. பன்னிரண்டு எபிசோடுக்குப் பன்னிரண்டு வேலைநாள் ஆனது. புதுக் கட்டுரையில் முதல் வரியிலேயே என் தப்பைச் சொல்லி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. போடும்வரை அனுப்பிக்கொண்டேதான் இருப்பேன்.

இதற்கிடையில் இதழ் வெளிவந்து, அப்பாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தது. பழக்கதோஷத்தில் விரல் வேகத்தை மாற்றப் போனது. இழுத்துக்கொண்டேன். அப்பா இவ்வளவு மெதுவாகப் பேசுவார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. புத்தகத்தை வரவழைத்துப் புரட்டிப் பார்த்தாராம், என் பேரைக் காணோமாம். பிறகு அவர் பக்கம் பஸ் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"பரவால்லம்மா. நீ எப்ப வீட்டுக்கு வர?"

வெள்ளிக்கிழமைக்கு பஸ் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் கேபிலிருந்து இறங்கினேன்.