இத்தாலிக்காரிக்குக் குரல் கொடுத்தவள்

டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்கு ‘அழுகை அக்கா’ என்று பேர். தொடர்களில் மகனைப் பறிகொடுக்கும் தாய், ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழும் விதவை, எல்லோருக்கும் அவள்தான் தொண்டை கொடுத்தாள். பிள்ளைகள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். அவள் இன்னும் மைக் முன்னால் அழுதுகொண்டிருந்தாள்.

ஒருநாள் டப்பிங் டைரக்டர் கூப்பிட்டார்.

“அக்கா, பழைய இத்தாலிப் படம் ஒண்ணு வந்திருக்கு. காதல் காமெடி. ஹீரோயினுக்குப் பேசுற பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நீங்க பேசுறீங்களா?”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் டிரைவர். வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பார்.

“காதல் படமா? உனக்கா?”

“ஏன், குரலுக்கு நரை விழுமா என்ன?”

பாத்திரம் கழுவும்போதெல்லாம் சிரித்துப் பழகினாள். குலுங்கிக் குலுங்கி, கிணுகிணுவென்று, வெட்கப்பட்டு. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “என்னடி ஆச்சு உனக்கு?” என்று கவலையோடு கேட்டாள்.

படத்தைப் பார்த்ததும் சப்பென்று போய்விட்டது. கதாநாயகன் தொப்பிக் கடைக்காரன். இரண்டு பெண்களுக்கு ஒரே சமயத்தில் கல்யாண வாக்குக் கொடுக்கிறான். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் தடுக்கி விழுகிறான். நாயகி ஜன்னலருகே காத்திருக்கிறாள். அவன் விழுந்தால் சிரிக்கிறாள். அவளுக்கு வேறு வேலையே இல்லை. கடைசியில் மற்றவள் துரத்திவிட்டதும் இவளிடமே வந்து நிற்கிறான். இவளும் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறாள். சுபம்.

“சிரிங்க அக்கா” என்றார் டைரக்டர், ஹெட்போன் வழியாக.

“எதுக்குத் தம்பி?”

“அவன் விழுந்துட்டான்ல?”

“எவ வீட்டுலேருந்து வந்து விழுறான்னு பார்த்தீங்களா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மற்ற காட்சிகளை எப்படியோ ஒப்பேற்றினாள். கதவுக் காட்சி மட்டும் மக்கர் பண்ணியது. சத்தத்தை எடுத்துவிட்டு அதை மறுபடி மறுபடி போடச் சொன்னாள். அப்போதுதான் கவனித்தாள். நடிகையின் வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. தாழ்ப்பாளில் வைத்த கை ஒரு கணம் தயங்கியது.

‘ஐயோ பாவம், இவளுக்கும் பிடிக்கலையே’ என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாய்க்கு ஏற்றபடி, பாதியில் மூச்சாகி அடங்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்தாள்.

“காமெடிப் படம்க்கா இது.”

“அந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க தம்பி.”

அவர் திருப்பிப் போட்டுப் பார்த்தார். “சரி, இருக்கட்டும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் டிவியில் வந்தது. பிள்ளைகள் கால்மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள். கணவர் நடுவில் குறட்டை விட்டார். ஆனால் கதவுக் காட்சியில் எப்படியோ விழித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“திறந்திருக்க வேணாம்” என்றார்.

“படம் நல்லாயில்லைல்ல?”

“படம் கண்றாவி. அந்தப் பொண்ணைப் பார்த்தாத்தான் என்னமோ பண்ணுது.”

அவர் டிவியை அணைத்தார்.

“வா, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்.”

வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. அவள் செருப்பைத் தேடினாள்.