புஷ்பவதி அக்காவுக்கு நாம் போட்ட புள்ளி

குண்டசாலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது பாஹிமா அழைத்தாள். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுப் பயிற்சிக்குப் போனவர்கள். "புசல்லாவ புஷ்பா அக்கா மௌத்தாயிட்டாவாம்," என்றாள். பிறகு, "நம்மட பழைய வாட்ஸ்அப் குரூப்ப மட்டும் தொறக்காத," என்றாள்.

திறந்தேன். எங்கள் ஆய்வின் ஒருங்கிணைப்பாளர், இறந்த அக்காவின் படத்தைப் போட்டு, 'தாங்குதிறனின் முகம்' என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ஒருவர் அக்காவின் பெயரைப் புஷ்பராணி என்று எழுதி இரங்கியிருந்தார். அதற்கும் இதயங்கள் விழுந்திருந்தன.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் வீட்டுப் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, அவரைக் கேள்வி கேட்டுவிட்டு, வேனில் ஏறிப் போனவர்களைத்தான் சொல்கிறேன். அதாவது நம்மை.

மழை எல்லோருக்கும் ஒன்றுதான், விழுந்தபின் எழ முடியாதவர் யார் என்று கண்டுபிடிப்பதே சமூகப் பாதிப்புறுதன்மை ஆய்வு என்று முதல் நாள் சொல்லித்தந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கூடிய புள்ளி பெறும் குடும்பங்களுக்கு மண்சரிவு இல்லாத இடத்தில் காணி கொடுக்கும்படி அறிக்கை சிபாரிசு செய்யும். ஒரு குடும்பம் சரிவின் கீழேயே கிடப்பதும் வெளியேறுவதும் அந்தப் புள்ளியில் தங்கியிருந்தது.

புஷ்பவதி அக்காவிடம் எல்லா ஆய்வாளர்களும் போனதற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. அவருடையது தேயிலைத் தோட்ட லயத்தின் வரிசையில் முதல் வீடு. வேனிலிருந்து இறங்கி, சப்பாத்தில் சேறு படாமல் போய்ச் சேரக்கூடிய ஒரே பாதிப்புறு பெண் அவர்தான்.

நாங்கள் போன அன்று மடிப்புக் கலையாத சேலை உடுத்தி வாசலில் நின்றார். பவுடர் பூசியிருந்தார். நான் "அம்மா" என்று தொடங்கினேன். "ஒங்க அம்மாவ நான் கண்டதே இல்ல. அக்கான்னு கூப்புடு," என்றார். கணவர் இறந்து, கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வுபெற்று, மகள் செல்வியோடும் பேத்தியோடும் இருந்தார். ஒருங்கிணைப்பாளர் வீட்டின் ஒரே கதிரையில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கேட்டோம்.

"அவசரத்துக்கு யார்கிட்ட உதவி கேப்பீங்க, அக்கா?"

"நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன். எங்கிட்டதான் கேப்பாங்க."

"மழை அறிவிப்பு வந்தா விளங்குமா?"

"ரேடியோக்காரனுக்கு விளங்குதோ என்னமோ, எனக்கு விளங்கும்."

"ஏதாவது பயிற்சிக்குப் போயிருக்கீங்களா?"

அவர் சுவரைக் காட்டினார். முன்பு வந்த நிறுவனங்கள் கொடுத்த சான்றிதழ்கள் சட்டம் போட்டுத் தொங்கின. "சாமி படத்துக்கு எடமில்ல, பாரு. கை கழுவுறதுக்கு மட்டும் ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தானுங்க. பைப்பு போட்டுத் தர்றதப் பத்தி ஒருத்தன் வாய் தொறக்கல."

ஒருங்கிணைப்பாளர் சிரித்து, "நல்ல பகிடி," என்றார். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று குறித்தோம்.

எனக்குக் கேள்வி கேட்கக் குரல் வராது, அதனால் கண் அலையும். பின்னறையில் ஓர் அலுமாரி, வைக்கக் கூடாத இடத்தில், பாதி வழியை மறித்து நின்றது. அதற்குப் பின்னால் சுவர் கூரைவரை வெடித்திருந்தது. கை நுழையும். நான் பார்த்ததை அக்கா பார்த்தார். "அலுமாரிய எழுதிக்க, புள்ள. தேக்கு," என்றார். அது தேக்கில்லை. சொத்து என்ற இடத்தில் அதுவும் சேர்ந்தது.

அடுத்த வீடுகளில் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லீங்க" என்றார்கள். அதுவும் உண்மைதான். அவர்களுக்குக் கூடிய புள்ளி கிடைத்தது.

கண்டியில் முடிவுகளை வாசித்தபோது புஷ்பவதி அக்கா குறைந்த பாதிப்புப் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு சான்றிதழும் அவருடைய 'இயலளவு', அதாவது தானே சமாளிக்கும் திறன், என்று கணக்காகியிருந்தது. நாம் போய்ப் போய்ப் பயிற்சி கொடுத்தே அவரைக் காணிக்குத் தகுதியில்லாதவர் ஆக்கியிருந்தோம். மேசையைச் சுற்றியிருந்த ஒருவருக்கும் இது உறுத்தவில்லை. நான் கையை உயர்த்தினேன். பல்கலைக்கழகம் வந்த பிறகு அதுவே முதல் தடவை.

"சேர், அந்த அக்கா வீட்டுப் பின்சுவர் வெடிச்சிருக்கு. அலுமாரிய வச்சு மறைச்சிருக்காங்க."

"சுவர் பௌதிகக் காரணி, தங்கச்சி. நாங்க பார்க்கிறது சமூகக் காரணி," என்றார் ஒருங்கிணைப்பாளர், அன்பாக. "அவங்க வாயால பதில மாத்திச் சொன்னா மாத்தலாம்." அப்போது சோற்றுப் பார்சல் வந்தது. ஒரு குடும்பம் எங்கே வாழ்வது என்ற பேச்சு, கோழியா மீனா என்ற பேச்சாக மாற அதிக நேரம் எடுக்கவில்லை.

நானும் பாஹிமாவும் பஸ் பிடித்துப் புசல்லாவைக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு தடவ இல்லைன்னு சொல்லுங்க, அக்கா. காணி கெடைக்கும்."

"என்னய பிச்சக்காரின்னு எழுதப் போறியா?"

"அப்பிடி எழுத மாட்டோம்."

"வேற எப்பிடி எழுதுவ? ஒங்க சேரு என் கதிரையில உக்காந்து, நான் மூக்கச் சிந்துறதப் பாக்கணும். பாத்துட்டுத்தான் காணி குடுப்பாரு. அந்த மூஞ்சிக்கு அவ்வளவு மரியாத எதுக்கு?"

பாஹிமா அக்குறணைக் கடைக்காரர் மகள், பேரத்தை இலேசில் விடமாட்டாள். "நீங்க ஒண்டும் சொல்ல வாணாம் அக்கா. அலுமாரியக் கொஞ்சம் தள்ளுங்க, படம் எடுத்துட்டுப் போறோம்."

"அதுக்குப் பின்னால ஒரே ஒட்டற, புள்ள. படத்துல அதுவுமில்ல விழும்." சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்கம்மா சொல்லுவாளா?" என்று கேட்டார்.

சொல்ல மாட்டார். என் அம்மாவும் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்தான். வெளியாட்கள் வந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால், அடுப்பு எரியாத நாளிலும் ஏப்பம் விட்டுக் காட்டுவார். செல்வி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அக்கா உட்பட. இறந்தவர் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். சரிவின் கீழ் மூன்று பேர் படுத்தார்கள். கௌரவம் ஒருவருடையது.

'ஒண்ணுமில்லீங்க' என்றவர்களுக்குக் காணி கிடைத்தது. அடுத்த பெரு மழையில் அக்காவின் பின்சுவர் விழுந்து, மண் பின்னறையை நிறைத்தது. மூவரும் அதற்கு முன்பே பாடசாலை மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். வாரக்கணக்கில் சீமெந்துத் தரையில் படுத்திருந்தவருக்கு ஒரு காலை நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போனது. மண்சரிவில் இறந்தவர்களின் கணக்கில் அவர் வரமாட்டார். ஆகவே நம் கணிப்பு இன்னும் சரியாகவே இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் நிம்மதியாக இருக்கலாம்.

சாவுக்குப் போனபோது செல்வியிடம், அடுத்த வேன் வரும்போது இல்லாததை எல்லாம் இல்லை என்று சொல்லச் சொன்னேன். "அம்மா ஏசும்க்கா," என்றாள். பிறகு, "சொல்றேன்," என்றாள். அக்காவின் கௌரவம் அவரோடு போகட்டும். அது எனக்கு வேண்டாம். ஆனால் நம்மைப் போன்றவர்களை அவர் எடைபோட்ட விதம், நம்மிடம் 'முடியாது' என்பதற்கு ஒரு விளக்கமும் கடன்படாமல் நின்ற விதம், அது எனக்கு வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர் நேற்று அழைத்தார். பெரிய பதாகை அடிக்கிறார்களாம், அக்காவின் தாங்குதிறன் பற்றி ஒரு பந்தி வேண்டுமாம். "நீங்க தோட்டத்துப் பிள்ளைதானே, உணர்ச்சியா எழுதுவீங்க," என்றார்.

"முடியாது, சேர்."

"ஏன், நேரமில்லையா?"

"நேரம் இருக்கு, சேர்."